ஐந்து ஊர்களின் நூறாண்டுக் கணக்கு

1916-இல் கல்லூரி மாணவர்கள் கேள்வித்தாளோடு நுழைந்த ஊர்களுக்குள், ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளர்களும் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்கள். அவர்கள் என்ன கண்டார்கள்? அது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியுமா?

2024 டிசம்பர் 3. சென்னை – திருச்சி தேசிய நெடுஞ்சாலையில், இருவேல்பட்டு அருகே வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து மூன்று நாள் ஆகியிருந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்த மழை. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் அதிகமாகத் திறந்துவிடப்பட்ட தண்ணீர். தென்பெண்ணையும் மலட்டாறும் கரை தெரியாமல் ஓடி, விழுப்புரம் மாவட்டத்தின் ஊர்களுக்குள் புகுந்திருந்தன. வீட்டுக்குள் முழங்கால் அளவு சேறு. குடிக்கத் தண்ணீர் இல்லை. எங்களை வந்து பார்க்க ஆளில்லை என்று மக்கள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். சமாதானம் பேச வந்த அமைச்சர் பொன்முடி மீதும் அதிகாரிகள் மீதும் கூட்டத்திலிருந்து சேறு வந்து விழுந்தது. அன்று மாலைக்குள் அந்தக் காட்சி தமிழ்நாட்டின் எல்லாக் கைபேசிகளையும் எட்டிவிட்டது.

இருவேல்பட்டு என்ற பெயரைப் பெரும்பாலானோர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டிருப்பார்கள். ஆனால் சமூக அறிவியல் ஆய்வாளர்களுக்கு அது நூறு வருடப் பழக்கமுள்ள பெயர். 1916-இல் அந்த ஊரில் யாரிடம் எவ்வளவு நிலம் இருந்தது, யார் யாரிடம் படியாளாக இருந்தார், எந்தப் பயிர் விளைந்தது என்பதெல்லாம் அச்சில் இருக்கிறது. 1930-களிலும் 1960-களிலும் 1980-களிலும் 2008-இலும் மறுபடி மறுபடி அந்த ஊரின் கதை எழுதப்பட்டிருக்கிறது. இந்திய அளவில் இவ்வளவு நீண்ட காலம் தொடர்ந்து கவனிக்கப்பட்ட ஊர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஐந்து தமிழ்நாட்டில் இருக்கின்றன.

2027 மார்ச் 1-ஐக் குறிப்புத் தேதியாக வைத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டிருக்கிறது. சாதியும் கணக்கில் வருகிறது. எத்தனை பேர், எந்தச் சாதி, எத்தனை வீடு என்று டீக்கடை முதல் சட்டமன்றம் வரை எல்லோரும் பேசுகிறார்கள். அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கையை எப்படித் தெரிந்துகொள்வது என்ற கேள்விக்கு இந்த ஐந்து ஊர்கள் பதில் வைத்திருக்கின்றன. அதைப் பேச வேண்டிய நேரம் இது.

சென்னைக்கு வந்த பேராசிரியர்

கில்பர்ட் ஸ்லேட்டர் 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். அதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்களுக்கான ரஸ்கின் கல்லூரியின் முதல்வர். இங்கிலாந்தில் ஊர்ப் பொது நிலங்கள் வேலியடைக்கப்பட்டு, உழவர்கள் நிலமற்றவர்களாகிப் போன வரலாற்றை 1907-லேயே புத்தகமாக எழுதியவர். நிலம் கைமாறினால் மனிதர்களுக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பழகிய மனம் அவருடையது.

இங்கே வந்தவருக்குப் பாடம் நடத்தவே கையில் சரக்கு இல்லை. இங்கிலாந்துப் பொருளாதாரப் புத்தகங்கள் இருந்தன. தமிழ்நாட்டு ஊரைப் பற்றி வருவாய்த் துறைப் பதிவேடுகள்தான் இருந்தன. அவர் ஒரு கேள்வித்தாளைத் தயாரித்து, விடுமுறைக்குப் போகும் மாணவர்கள் கையில் கொடுத்தார். தங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஊரைப் பற்றி எழுதி வரச் சொன்னார். நிலம், பயிர், கூலி, கடன், கால்நடை, வீடு என்று நீளும் கேள்விகள். அவர்கள் கொண்டுவந்த விடைகளே 1918-இல் 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்ற ஆங்கில நூலாக வெளியாயின. அன்றைய சென்னை மாகாணம் என்பதால் மலையாள, தெலுங்குப் பகுதி ஊர்களும் அதில் உண்டு.

இருபது வயது மாணவர்கள் எடுத்த கணக்கு அது. அதில் குறைகள் உண்டு. எழுதியவர்கள் பெரும்பாலும் வசதியுள்ள, மேல்சாதிக் குடும்பத்துப் பிள்ளைகள். ஊரை அவர்கள் தங்கள் தெருவில் நின்றுதான் பார்த்தார்கள். ஆனாலும் அந்த நூல் ஓர் அடிக்கோட்டைப் போட்டுக் கொடுத்தது. பின்னால் வந்தவர்கள் அளந்து பார்க்க அந்தக் கோடு போதுமானதாக இருந்தது.

▪ பெட்டி 1: அந்த ஐந்து ஊர்கள்

*இருவேல்பட்டு* – அன்று தென்னாற்காடு மாவட்டம், இன்று விழுப்புரம். தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்.

*தூசி* – அன்று வடஆற்காடு, இன்று திருவண்ணாமலை. காஞ்சிபுரத்துக்குப் பக்கம். செய்யாறு சிப்காட் வந்த பிறகு தொழிற்சாலை வேலை அருகிலேயே வந்துவிட்ட பகுதி.

*பாலக்குறிச்சி* – அன்று தஞ்சாவூர், இன்று நாகப்பட்டினம். காவிரிக் கடைமடை நெல் ஊர்.

*கங்கைகொண்டான்* – திருநெல்வேலி. சிற்றாற்றங்கரை. இன்று சிப்காட் வளாகமும் மான் சரணாலயமும் உள்ள ஊர்.

*வடமலாபுரம்* – அன்று ராமநாதபுரம், இன்று விருதுநகர். மானாவாரி பூமி, சிவகாசிக்கு அருகே.

திரும்பிப் போனவர்கள்

முதல் ஆய்வு முடிந்து இருபது வருடம் கழித்து, 1936–37-இல், பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் சென்னைப் பல்கலைக்கழகம் சார்பில் அதே ஊர்களுக்கு ஆட்களை அனுப்பினார்கள். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, வாங்கிய கடன் அப்படியே நின்ற காலம். அந்த மறு ஆய்வு 1940-இல் அச்சானது. 1960-களின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். 1980-களின் தொடக்கத்தில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இந்த ஊர்களைக் கையில் எடுத்தது. அதை முன்னின்று நடத்தியவர் எஸ். குகன், தமிழக அரசின் நிதித்துறைச் செயலராக இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி. கோப்புகளில் திட்டங்களுக்குக் கையெழுத்திட்ட ஒருவர், அந்தத் திட்டங்கள் கடைசி வீடு வரை எப்படிப் போய்ச் சேர்ந்தன என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார். இதை நம் நிர்வாக வரலாற்றின் நல்ல பக்கங்களில் ஒன்றாகவே நினைக்கிறேன்.

2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் இருவேல்பட்டுக்குப் போனார்கள். 1916 முதல் 2008 வரையிலான அந்த ஊரின் கதை 2010-இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் வெளியானது. அந்த மூவரில் ஒருவரான ஜெயரஞ்சன்தான் 2021-இல் மாநிலத் திட்டக் குழுவின் துணைத் தலைவரானார்.

ஸ்லேட்டர் ஊர்களுக்கு வெளியேயும் இந்த மரபு வளர்ந்தது. காத்லீன் கஃப் 1951–53-இல் தஞ்சை மாவட்டத்து ஊர்களில் தங்கினார். அவற்றில் ஒன்றுக்குக் 'கும்பப்பேட்டை' என்று புனைபெயர் வைத்து எழுதினார். 1976-இல் திரும்பி வந்தார். பார்பரா ஹாரிஸ் ஒயிட் 1973-இல் ஆரணி நகரத்தின் கடைகளையும் அரிசி ஆலைகளையும் கணக்கெடுக்கத் தொடங்கி, நாற்பது வருடம் பத்தாண்டுக்கு ஒரு தடவை அந்த வேலையைச் செய்தார். ஜூடித் ஹையர் கோவைப் பகுதி ஊர்களுக்கு 1981-இல் போனார், 1996-இல் போனார், 2008-இலும் போனார்.

முதல் பயணத்தில் எழுதிய தீர்ப்பு

ஓர் ஊருக்கு ஒருமுறை மட்டும் போனால் என்ன ஆகும் என்பதற்குத் திருச்சி – கரூர் பகுதி ஆய்வைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

யோரன் யூர்ஃபெல்ட், ஸ்டாஃபன் லின்பெர்க் இருவரும் சுவீடன்காரர்கள். 1969–70-இல் செங்கல்பட்டு மாவட்டம் தையூரில் தங்கி ஆய்வு செய்தபோது இளைஞர்கள். அவர்கள் எழுதிய நூலில் நம்பிக்கைக்கு இடம் குறைவு. அமைப்பு அடியோடு மாறாமல் ஏழைகளின் வாழ்வு மாறாது என்பதே அன்று அவர்களைப் போன்ற இடதுசாரி ஆய்வாளர்கள் பலரின் முடிவு. கஃப் 1976-இல் தஞ்சைக்குத் திரும்பியபோதும், பசுமைப் புரட்சி வந்தும் கூலித் தொழிலாளர் வாழ்வில் சொல்லும்படியான முன்னேற்றத்தைக் காணவில்லை. அன்றைய நிலவரப்படி அவர்கள் பார்த்தது பொய்யில்லை.

1979–80-இல் அதே சுவீடன் ஆய்வாளர்கள் வெங்கடேஷ் ஆத்ரேயாவுடன் சேர்ந்து, திருச்சி – கரூர் பகுதியில் ஆறு ஊர்களைக் கணக்கெடுத்தார்கள். கால் நூற்றாண்டு கழித்து, 2005-இல், அதே குடும்பங்களைத் தேடிப் போனார்கள். வறுமை கண்கூடாகக் குறைந்திருந்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருந்தார்கள். வருமானத்தின் பெரும் பங்கு வயலுக்கு வெளியிலிருந்து வந்தது. தொழில் வளர்ச்சி மட்டும் இதற்குக் காரணமில்லை. ரேஷன் அரிசி, சத்துணவு, மருத்துவமனை, சாலை என்று அரசு செய்த செலவும் காரணம் என்று எழுதினார்கள். தாங்கள் முன்பு எதிர்பார்த்த இருண்ட எதிர்காலம் அப்படியே வரவில்லை என்பதைத் தங்கள் பெயரிலேயே பதிவு செய்தார்கள்.

அவர்கள் 2005-இல் போகாமல் இருந்திருந்தால்? பழைய நூல் மட்டும் நூலகத்தில் இருந்திருக்கும். அடுத்து வரும் மாணவர்கள் அதையே மேற்கோள் காட்டியிருப்பார்கள். சத்துணவும் ரேஷனும் வெறும் வாக்குக்கான செலவு என்று வாதிடுவோருக்கு எதிரே வைக்க வலுவான சான்று ஒன்று இல்லாமல் போயிருக்கும். இன்று தமிழ்நாட்டின் நலத்திட்டங்களைப் பற்றி டெல்லி முதல் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் வரை மரியாதையோடு பேசுகிறார்கள் என்றால், இப்படிக் குடும்பம் குடும்பமாகத் திரும்பத் தேடிப் போன உழைப்புக்கும் அதில் பங்கு உண்டு.

படியாள் எப்போது கூலியாள் ஆனார்?

நூறாண்டு ஆவணங்களில் மிகத் தெளிவாகத் தெரியும் மாற்றம் இதுதான். 1916-இல் இந்த ஊர்களின் வயலில் வேலை செய்தவர்களில் பலர், வருடம் முழுக்க ஒரே குடும்பத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். படியாள், பண்ணையாள் என்று இடத்துக்கு இடம் பெயர் வேறு, கட்டு ஒன்றுதான். கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய கடன் கழுத்தில் இருக்கும். கூலி நெல்லாக வரும். வேறு வீட்டு வேலைக்குப் போக முடியாது. பெரும்பாலும் அவர்கள் தலித்துகள்.

இந்தக் கட்டு ஒரே நாளில் அறுந்துவிடவில்லை, ஒரே சட்டத்தாலும் அறுந்துவிடவில்லை. தஞ்சையில் செங்கொடிச் சங்கங்கள் அறுபதுகள் வரை கூலிக்காகவும் மரியாதைக்காகவும் போராடின. 1968 டிசம்பர் 25-ஆம் நாள் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அடுத்த வருடம் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971-இல் குடியிருப்புச் சட்டம், தொழிலாளிகள் குடிசை போட்டிருந்த மனையை அவர்களுக்கே உரிமையாக்கியது. அந்தச் சட்டத்தின் பெறுமதி வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எளிதில் பிடிபடாது. குடிசை நின்ற இடம் மிராசுதாருடையது என்னும்போது, கூலி கேட்டால் வீடே போய்விடும். மனை தன்னுடையதான பிறகுதான் ஒருவரால் அடுத்த ஊருக்கு வேலைக்குப் போக முடிந்தது.

பிறகு பஸ் வந்தது. கட்டட வேலை வந்தது. மேற்கே திருப்பூர் பனியன் கம்பெனிகள் ஆள் தேடி ஊருக்குள் வேன் அனுப்பின. ரேஷனில் அரிசி கிடைத்தபோது, இன்று வேலைக்குப் போகாவிட்டால் இன்று பட்டினி என்ற நெருக்கடி தளர்ந்தது. நூறு நாள் வேலைத் திட்டம் வந்தபோது, திருப்பூர்ப் பகுதியில் ஆய்வு செய்த கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நெவ் இருவரும் கண்டது குறிப்பிடத்தக்கது: மில்லுக்கோ வெளியூருக்கோ போக முடியாத தலித் பெண்களுக்கு அந்த வேலை, நிலக்காரரிடம் கூலி பேசும் தெம்பைக் கொடுத்திருந்தது.

இருவேல்பட்டிலும் பெரும் நிலக்கிழார் குடும்பத்தின் பிடி ஊர் மீது பழையபடி இல்லை என்று 2008 ஆய்வு சொன்னது. ஒரு காலத்தில் அந்த வீட்டு வாசலில் தீர்ந்த விவகாரங்கள் கட்சிகளுக்கும் பஞ்சாயத்துக்கும் நகர்ந்துவிட்டன. நெடுஞ்சாலையில் உட்கார்ந்து அமைச்சரைக் கேள்வி கேட்கும் ஊர் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால், இந்த நூறு வருட ஆவணத்தைத்தான் புரட்ட வேண்டும்.

நிலம் மட்டும் நகரவில்லை

மகிழ்ச்சியான பக்கம் இவ்வளவுதான். அடுத்த பக்கம் கசப்பானது.

அக்ரகாரத்தார் நிலத்தை விற்றுவிட்டு நகரத்துக்குப் போனதைக் கஃப் முதல் கிறிஸ்டோபர் ஃபுல்லர் வரை ஆய்வாளர்கள் பலரும் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த நிலம் யார் கைக்குப் போனது? பெரும்பகுதி, ஏற்கெனவே உழுதுகொண்டிருந்த இடைநிலைச் சாதியினர் கைக்கு. தலைமுறை தலைமுறையாக நாற்று நட்டு அறுத்த தலித் குடும்பங்களுக்கு வந்தது மிகக் குறைவு. நில உச்சவரம்புச் சட்டம் இருந்தும் பல இடங்களில் நிலை இதுதான். ஜூடித் ஹையர் கோவை ஊர்களில் கண்டதும் இதே செய்தியின் இன்னொரு வடிவம். தொழில் வளர்ந்தது, கூலி உயர்ந்தது. ஆனால் நிலமும் படிப்பும் கையிருப்பும் இல்லாத அருந்ததியர் குடும்பங்கள் அந்த வளர்ச்சியின் கடைசிப் படியிலேயே நின்றன.

பாலக்குறிச்சியையும் வெண்மணியையும் சேர்த்து, விவசாய ஆய்வுகளுக்கான அறக்கட்டளை 2019 வாக்கில் ஒரு மறு ஆய்வு செய்தது. வி.கே. ராமச்சந்திரன், மதுரா சுவாமிநாதன், வி. சுர்ஜித் ஆகியோர் அதை நூலாக்கியிருக்கிறார்கள். கடைமடையில் தண்ணீர் வரத்து நிச்சயமில்லை. அறுவடை இயந்திரம் வந்த பிறகு வயலில் கிடைக்கும் வேலை நாள்கள் குறைந்துவிட்டன. பழைய அடிமைத்தனம் போனது உண்மை. அதனிடத்தில் நிரந்தர வருமானம் வந்து உட்காரவில்லை.

இன்னொன்றும் நகரவில்லை. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். சேரியைக் காலனி என்று அழைக்கத் தொடங்கினோம். ஓட்டு வீடு, கான்கிரீட் வீடு என்று கட்டடம் மாறியது. வரைபடத்தில் இடம் மாறவில்லை. 1916-இல் மாணவர்கள் எழுதிய அந்தப் பிரிவை இன்றும் ஊருக்குள் நடந்தே பார்த்துவிடலாம். வரப்போகும் சாதிக் கணக்கெடுப்பு தலைகளை எண்ணும். எந்தத் தெருவில் எவ்வளவு நிலம் நிற்கிறது, எந்தத் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் கடைசியாக வந்தது என்பதை எண்ணுவதற்கு ஊர் ஆய்வுதான் வேண்டும்.

▪ பெட்டி 2: கணக்கெடுப்பும் ஆய்வும்

1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2021-இல்தான் முதல்முறையாகத் தவறியது.

எல்லாச் சாதிகளின் எண்ணிக்கையும் கடைசியாக வெளியானது 1931-இல்.

1973–74-இல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வடஆற்காட்டிலும் இலங்கையின் அம்பாந்தோட்டையிலும் நெல் விவசாயத்தை ஆராய்ந்தார்கள். புதிய வீரிய ரகம் பயிரான பரப்பு, அரசுப் புள்ளிவிவரம் சொன்னதைவிட வடஆற்காட்டில் மிகக் குறைவு என்று தெரியவந்தது. அந்தக் குழுவில் இருந்த ராபர்ட் சேம்பர்ஸ்தான் பின்னாளில், ஏழைகளிடமே கேட்டுத் திட்டமிடும் முறையை உலகெங்கும் பரப்பினார்.

சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் கர்நாடகத்து ஊர் ஒன்றில் சேர்த்த குறிப்புகள் 1970-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் தீக்கிரையாயின. நினைவை வைத்தே அவர் எழுதிய நூல் 1976-இல் வெளிவந்தது.

ஆய்வு நடுவே வந்த நவம்பர் 8

எந்தத் திட்டமும் போடாமல், ஆய்வுக்குள் வரலாறு வந்து விழுவதும் உண்டு.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தோடு இணைந்து இசபெல் கெரான், ஜி. வெங்கடசுப்பிரமணியன் ஆகியோரின் குழு, கடலூர் – விழுப்புரம் பகுதி ஊர்களில் கடனையும் வேலையையும் பல வருடங்களாக ஆராய்ந்துவருகிறது. 2010-இல் கணக்கெடுத்த குடும்பங்களை 2016-இல் மறுபடி சந்தித்துக்கொண்டிருந்தார்கள். பாதி வேலை முடிந்திருந்தபோது, நவம்பர் 8 இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது.

அறிவிப்புக்கு முன் பேசிய வீடுகள் ஒரு பக்கம், அறிவிப்புக்குப் பின் பேசிய வீடுகள் இன்னொரு பக்கம். நாடு முழுக்க ஊகத்தில் வாதாடிக்கொண்டிருந்தபோது, அவர்கள் கையில் ஒப்பிட்டுப் பார்க்க விவரம் இருந்தது. வேலை குறைந்தது, கடன் புரளவில்லை, ரொக்கம் இல்லாத இடத்தைக் கைபேசிப் பணம் வந்து நிரப்பவில்லை. மக்கள் சொந்தக்காரர், தெருக்காரர், சாதிக்காரர் என்று தெரிந்தவர்களையே இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார்கள். தெரிந்த வட்டத்தில் காசுள்ளவர்கள் இருந்தால் சமாளித்தார்கள். தெரிந்தவர்கள் எல்லோருமே அன்றாடங்காய்ச்சிகள் என்றால், கைமாற்று கொடுக்கவும் ஆளில்லை.

அதே குழு பின்னால் கடனும் பெண்ணும் என்ற பொருளில் ஒரு நூலே எழுதியது. மகளிர் குழுக் கடன், வாரத் தவணை, நகைக் கடன், கைமாற்று என்று வீட்டின் எல்லாக் கடனையும் வாங்குவதும் அடைப்பதும் பெண்ணின் தலையில் எப்படி வந்து சேர்ந்தது என்பதை அது வீட்டுக்குள் போய்ச் சொல்கிறது. தவணை நாளில் வாசலில் நிற்கும் வசூல்காரரிடம் பேச வேண்டியவள் அவள்தான். 2025 ஏப்ரலில் கட்டாயக் கடன் வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியபோது, அது எவ்வளவு பேருடைய அன்றாடப் பயம் என்பது இந்த ஆய்வுகளைப் படித்தவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

எந்தத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்கள்?

ஆய்வாளர் எங்கே தங்கினார், யாரோடு சாப்பிட்டார் என்பது அவருடைய முடிவுக்குள் புகுந்துவிடும். ஆந்த்ரே பெத்தேய் 1961–62-இல் தஞ்சை மாவட்டத்து ஊர் ஒன்றின் அக்ரகாரத்தில் தங்கி, 'ஸ்ரீபுரம்' என்ற பெயரில் அதைப் பற்றி எழுதினார். சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் எப்படிப் பிரிந்து நகர்கின்றன என்று காட்டிய அந்த நூல் இன்றும் பாடப்புத்தகம். ஆனால் அக்ரகாரத்தில் தங்கியவர் என்பதால் சேரிக்குள் இயல்பாகப் போய்வர முடியாத சங்கடத்தை அவரே எழுதியிருக்கிறார்.

நூறு வருட ஆய்வு மரபில் கேள்வி கேட்டவர்கள் பெரும்பாலும் மேலிருந்தோ வெளியிலிருந்தோ வந்தவர்கள். இப்போது அது மெல்ல மாறுகிறது. சேரியில் பிறந்து, அரசுக் கல்லூரியில் படித்து, ஆய்வுப் பட்டம் வாங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஸ்லேட்டர் தன் மாணவர்களிடம் கொடுத்த அதே கேள்வித்தாளை அவர்கள் கையில் கொடுத்தால், 1916-இல் எழுதப்படாத பக்கங்கள் எழுதப்படும் என்று உறுதியாக நம்புகிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு வழி இருக்கிறதா என்பதுதான் கவலை.

இரண்டு வருடத்தில் முடியாத வேலை

மறு ஆய்வுக்குப் பத்து, இருபது வருடப் பொறுமை வேண்டும். நம் ஆய்வு நிதி இரண்டு, மூன்று வருடக் கணக்கில் வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழு, 1969-இல் தொடங்கப்பட்ட இந்தியச் சமூக அறிவியல் ஆய்வுக் குழு ஆகியவற்றின் உதவிகள் உண்டு. ஆனால் அறிக்கை கொடுத்ததும் கணக்கு முடிகிறது. பழைய கேள்வித்தாள்கள் ஆசிரியர் வீட்டு அலமாரியில் முடங்கிவிடுகின்றன. அவர் ஓய்வுபெற்றால் எடைக்குப் போகின்றன. ஒரு துறையில் ஒரு ஊரை விடாமல் பிடித்துக்கொள்ள நிரந்தர ஆசிரியர் வேண்டும். பல துறைகளில் கௌரவ விரிவுரையாளர்களே பாடம் நடத்துகிறார்கள். இந்த மரபைத் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகமே அண்மைக் காலத்தில் சம்பளம் கொடுக்கத் திணறும் அளவுக்கு நிதி நெருக்கடியில் சிக்கியது.

இதன் விளைவு ஏற்கெனவே தெரிகிறது. தமிழ்நாட்டைப் பற்றிய நீண்ட கால ஆய்வுகளில் கணிசமானவை லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, பாரிஸ், சுவீடனின் லுண்டு நிதியில் நடந்தவை. அவர்கள் நேர்மையோடு வேலை செய்திருக்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எந்த ஊருக்கு எப்போது திரும்பிப் போவது என்பதை அங்கே உள்ள நிதிக் குழுக்கள் முடிவு செய்யும் நிலை நமக்கு நல்லதல்ல. மாவட்டத்துக்கு ஓர் ஊர், பத்தாண்டுக்கு ஓர் ஆய்வு, பொறுப்பு அருகிலுள்ள அரசுக் கல்லூரிக்கு என்று மாநில அரசு ஏற்பாடு செய்தால், ஒரு மேம்பாலத்துக்கு ஆகும் செலவில் சிறு பகுதிகூட ஆகாது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடத்தில் எல்லாப் பழைய கேள்வித்தாள்களையும் பெயர் மறைத்து, எண்முறையில் சேமித்து வைக்கலாம். பெயர் மறைப்பது முக்கியம். 1918 நூலை அந்த ஊரில் படித்தவர்கள் குறைவு. இன்று யாருக்கு எவ்வளவு கடன் என்று எழுதினால் மறுநாளே வாட்ஸ்அப்பில் சுற்றும்.

ஊருக்குத் திரும்பாத புத்தகம்

எந்த ஆய்வாளரும் ஊருக்குள் நுழைந்தவுடன் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: இதை எழுதிக்கிட்டுப் போய் எங்களுக்கு என்ன செய்வீங்க? நிவாரணப் பட்டியலா, கடன் தள்ளுபடியா, வீட்டு மனையா என்று கேட்பார்கள். ஒன்றுமில்லை, ஆராய்ச்சி என்று சொன்னதும் முகம் மாறும். அப்படியும் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஒரு மணி நேரம் பதில் சொல்வார்கள். நூறு வருடமாக இந்த ஊர்கள் அந்தப் பெருந்தன்மையைக் காட்டியிருக்கின்றன. பதிலுக்கு அவர்கள் கைக்கு என்ன போய்ச் சேர்ந்தது?

ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. சந்தா கட்டினால்தான் படிக்கக் கிடைக்கும் இதழ்களிலும், ஆயிரக்கணக்கில் விலையுள்ள நூல்களிலும் இருக்கின்றன. தன் பாட்டனார் எந்த நிபந்தனையில் படியாளாக இருந்தார், அவர் உழுத நிலம் எப்போது யார் பெயருக்கு மாறியது என்பது ஒரு பேத்தியின் சொத்து. அவள் ஊரில் இருக்கிறாள். அந்தப் பக்கம் எங்கோ ஒரு நூலக அடுக்கில் இருக்கிறது.

சரிசெய்ய முடியாத குறை இல்லை இது. ஐந்து ஊர்களுக்கு ஐந்து சிறு தமிழ் நூல்கள். 1916 அறிக்கையின் மொழிபெயர்ப்பு, பின்வந்த ஆய்வுகளின் சாரம், பழைய வரைபடத்துக்குப் பக்கத்தில் இன்றைய வரைபடம். ஊராட்சி நூலகத்திலும் பள்ளியிலும் வைக்கலாம். அடுத்த ஆய்வு முடிந்ததும், அறிக்கை அச்சாகும் முன்பே கிராம சபையில் படித்துக் காட்டலாம். தவறு இருந்தால் அங்கேயே திருத்துவார்கள். எந்தத் தெருவுக்கு எது வரவில்லை என்பதை ஆதாரத்தோடு கேட்பார்கள். தண்ணீர் எந்த வருடம் எந்தத் தெரு வரை ஏறியது என்று மூன்று தலைமுறை நினைவைச் சேர்த்து ஒரு பக்கம் எழுதி வைத்தால், அடுத்த வெள்ளத்தில் மாவட்ட நிர்வாகத்துக்கே அது உதவும்.

மொழிபெயர்ப்புக்கு நிதி ஒதுக்கும் அமைப்புகள் மாநிலத்தில் இருக்கின்றன. மறு ஆய்வுகளைச் செய்தவர்களில் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். பழைய குறிப்புகள் எங்கே இருக்கின்றன என்று சொல்ல அவர்களால் முடியும். 2008 ஆய்வுக்கு வயது பதினெட்டை நெருங்குகிறது. இருபது வருட இடைவெளி என்ற தாமஸ் – ராமகிருஷ்ணன் கணக்கை வைத்துக்கொண்டால், இருவேல்பட்டுக்கு அடுத்து யாராவது போக வேண்டிய வருடம் 2028. கணக்கெடுப்பு முடிந்து, சாதி வாரியான எண்கள் கைக்கு வரத் தொடங்கும் காலமும் ஏறத்தாழ அதுவே. ஆட்களைத் தயார் செய்ய வேண்டியது இப்போது.